இடது பாதியை விட்டுவைத்த மன்சூர் பாய்

கத்திவாக்கத்தில் ஒருவர் வீட்டு வாசலில் வெள்ளைக் கார் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. காலை பதினொரு மணி இருக்கும். திருவொற்றியூரில் பாயின் கடைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் செல்வம்தான் பேசினார். "பிலோக்கா, பாய் பூட்டாரு. டீ கிளாஸ கையில வச்சிகினே சாஞ்சிட்டாரு. மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் அடக்கமாம்." எந்த பாய் என்று நான் கேட்கவில்லை. வடசென்னையில் எத்தனையோ பாய் இருக்கலாம். கெட்டுப்போன கார் பெயிண்டை மீட்கும் வேலையில் இருப்பவர்களுக்கு பாய் என்றால் மன்சூர் பாய் ஒருவர்தான்.

கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. கார்க் கதவில் ஒட்டியிருந்த இரும்புத் துகளைக் கரைக்க மருந்து அடித்திருந்தேன். அது காய்ந்தால் பெயிண்டைக் கடிக்கும். அதைத் தண்ணீர் விட்டு அலசி, துணியால் ஒற்றிவிட்டுத்தான் கிளம்பினேன். பாயாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார் என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தை இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

எண்ணூர் விரைவுச் சாலையில் அன்றைக்கும் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து வரிசையாக நின்றன. என் ஸ்கூட்டரை இரண்டு லாரிகளுக்கு நடுவில் நுழைத்து, திட்டு வாங்கி, திருப்பித் திட்டி, எப்படியோ திருவொற்றியூர் வரை வந்தேன். அதற்கு மேல் இம்மி நகர வழியில்லை. ஸ்டேஷன் வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு ரயில் ஏறினேன். அந்த ரயிலும் சிக்னலில் நின்று மூச்சு வாங்கியது. தண்டையார்பேட்டையில் இறங்கி ஓடி அவர் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோது, பாயின் உடலை வைத்துத் தூக்கிய சந்தூக்குப் பெட்டி தெருமுனை திரும்பிவிட்டது. ஆண்களின் முதுகைத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு பெண்கள் போவதில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

எட்டு மாதமாக அவரோடு நான் பேசவில்லை. அவரிடம் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியம் என்னிடம் பாக்கி இருந்தது. அதைச் சொல்லத்தான் அப்படி ஓடினேன். கேட்க ஆளில்லை என்றாலும் முகத்தைப் பார்த்தாவது சொல்லியிருப்பேன். நிற்க முடியவில்லை, அழவும் வரவில்லை. தெருவோரத்தில் யாருடைய காரோ நின்றது. அதன் மேல் காக்கை எச்சம். புடவை முந்தானையை நனைத்து அதைத் துடைத்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

அன்று மாலை எங்கள் தொழில்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கைபேசி கொள்ளாமல் இரங்கல் வந்து விழுந்தது. எல்லாரும் கைகூப்பிய படம் போட்டார்கள். ஒருவர் மட்டும் இப்படி எழுதியிருந்தார்: "தங்கமான மனுஷன். அந்தக் கறுப்பு பானெட் ஒண்ணுதான் அவர் கையில கெட்டுப்போச்சு. மத்தபடி கைராசிக்காரர்." அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை. அந்த பானெட் அவர் கையில் கெடவில்லை. யார் கையில் கெட்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவரைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால், அவர் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாய் ஆரம்பத்தில் துறைமுகத்தில் வேலை பார்த்தார். கப்பலுக்குக் காத்திருக்கும் புதுக் கார்களைக் கழுவித் துடைத்து அனுப்பும் வேலை. கடல் உப்பும் கரித்தூளும் பறவை எச்சமும் புதுப் பெயிண்டை என்ன பாடு படுத்தும் என்பதை அங்கேதான் பார்த்தார். பிறகு திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தகரக் கூரை போட்டு, சொந்தமாகக் கடை ஆரம்பித்தார். கெட்ட பெயிண்டைச் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்கும் கடைகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. இருக்கிற பெயிண்டையே காப்பாற்றித் தருகிறேன் என்று உட்கார்ந்தவர் அவர்தான். உட்கார்ந்தவர் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். அந்த மனிதர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார். ஒரு வாய் குடித்து, காரை ஒரு சுற்றுச் சுற்றி, இன்னொரு வாய்.

எங்கள் அறிமுகமே சண்டையில்தான் ஆரம்பித்தது. நான் ஒரு தொழிற்சாலையில் வண்டிகளுக்கு அடித்த பெயிண்டைச் சோதிக்கும் பிரிவில் ஒன்பது வருஷம் ஒப்பந்த வேலை பார்த்தவள். ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு வேலை தேடி அலைந்து, அவர் கடை எதிரில் பஸ்ஸுக்கு நின்றேன். அவர் ஒரு காரின் கதவு ஓரத்தில் பாலிஷ் மெஷினை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்குமா. சாலையைக் கடந்து போய், ஓரத்தில் அவ்வளவு தேய்த்தால் கிளியர் கோட் போய்விடும் என்றேன். நிறத்துக்கு மேலே காவலாக இருக்கும் மெல்லிய பூச்சு அது. எங்கள் ஊர்க் காற்று முதலில் அதைத்தான் தின்னும்.

பாய் கோபப்படவில்லை. மெஷினை நிறுத்தி என்னிடம் நீட்டினார். "அப்ப நீ போட்டுக் காட்டும்மா," என்றார். நான் இடது கையால் வாங்கினேன். எனக்கு எல்லாமே இடது கைதான். அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. உள்ளே போய் டேப் எடுத்து வந்து, பானெட்டின் நடுவில் நேராக ஒட்டினார். "ரைட்டு நான் செய்றேன், லெஃப்டு நீ செய்யி. டேப்ப எடுத்தா ரெண்டு கை பட்டதுன்னு தெரியக் கூடாது," என்றார். அன்று நான் பஸ் ஏறவில்லை. மறுநாளிலிருந்து பதினோரு வருஷம் அந்தக் கடையில் வேலை பார்த்தேன்.

கஷ்டமான வண்டி எது வந்தாலும் அதுதான் எங்கள் முறை. நடுவில் டேப். வலது அவருக்கு, இடது எனக்கு. அவருக்குக் கை பேசும், எனக்குக் கண் பேசும். நான் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துக் கீறல் சொல்வேன், அவர் விரலால் தடவிக் கரடு சொல்வார். பாதியில் அவசரப்பட்டு நான் அவர் பக்கம் எட்டிப் பார்த்தால், உன் பக்கத்தைப் பார் என்பார். டேப் ஒட்டிய வண்டியை அப்படியே விட்டுவிட்டு அவர் வீட்டுக்குக் கிளம்பியதே இல்லை. எவ்வளவு நேரமானாலும் டேப்பை உரித்து, சேர்ந்த இடத்தைத் தடவிப் பார்த்த பிறகுதான் சட்டையை மாற்றுவார்.

வாடிக்கையாளர்களுக்கும் அவர் ஒரு வேலை வைத்திருந்தார். காரைக் கழுவியதும் சொந்தக்காரர் கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவர் ஒன்றை மாட்டிவிட்டு, பானெட் மேல் தடவச் சொல்வார். வெறும் கைக்கு வழவழ என்றிருப்பது கவர் போட்ட கைக்கு மணல் போல நறநறக்கும். வக்கீல் வந்தாலும் சரி, ராயபுரத்துப் பங்குச் சாமியார் வந்தாலும் சரி, கையில் கவரை மாட்டாமல் விடமாட்டார். இன்னா தெரியுது என்று கேட்பார். மணல் மாதிரி இருக்கிறது என்பார்கள். "உப்பு, கரி, இரும்புத்தூளு. ராவெல்லாம் உன் வண்டி மேல வுழுந்துகினே கீது. உன் மூக்குலயும்தான் வுழுவுது. அத்த கழுவ என்கிட்ட மெஷின் இல்ல," என்பார். சிரிக்காமல் சொல்வார். அவர்கள்தான் சிரிப்பார்கள்.

என் அம்மா இறந்தபோது பாய் கல்லறை வரை வந்தார். சாமியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் அழுதுகொண்டிருக்கிறேன், திரும்பினால் பாயைக் காணோம். பார்த்தால், அம்மாவைக் கொண்டுவந்த வண்டியின் மேல் புறா எச்சம் போட்டிருக்கிறது, அவர் கைக்குட்டையை நனைத்து அதை ஊறவைத்து ஊறவைத்து எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே கத்தினேன். அவர் பதறிப்போய், "சாயங்காலத்துக்குள்ள அரிச்சிடும் பிலோ, அப்பறம் தழும்பு போவாது," என்றார். வீட்டுக்கு வந்து அதை நினைத்துச் சிரித்தேன். அம்மா போன பிறகு முதல் சிரிப்பு அதுதான்.

இனி அந்தக் கறுப்பு பானெட்.

முகத்துவாரக்குப்பத்துக் குமார் படகை விற்றுக் கார் வாங்கியவர். ஒரு கம்பெனியில் வாடகைக்கு ஓட்டப் பேசி வைத்திருந்தார். திங்கட்கிழமை அவர்கள் வண்டியைப் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை விடிந்து பார்த்தால் கார் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டம். காற்றில் எதுவோ வந்து இறங்கியிருந்தது. எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லை. குமார் மதியம் வெயிலில் அப்படியே எங்களிடம் ஓட்டி வந்தார். பாய் புறங்கையை பானெட்டில் வைத்துப் பார்த்தார். ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டது. "கொதிக்குது. நான் வர்ற வரைக்கும் மருந்த தொடாத பிலோ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. குமார் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார், வட்டங்கள் என் கண்ணை உறுத்துகின்றன. உப்புக் கறை எடுக்கும் அமில மருந்து, அதுவும் தண்ணீர் கலந்தது, ஒரு நிமிஷ வேலை என்று நினைத்துக்கொண்டேன். குமாரை டீ குடித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டு மருந்தை அடித்தேன். கொதிக்கிற இரும்பில் அது நொடியில் காயத் தொடங்கியது. அலசலாம் என்று குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை. கரன்ட் போய் மோட்டார் நின்றிருந்தது. பயத்தில் துணியை எடுத்து இழுத்து இழுத்துத் துடைத்தேன். துடைத்த வழியெல்லாம் கோடு கோடாக வெளுத்துப்போனது.

குமார் திரும்பி வந்து பார்த்தபோது நான் பொய் சொன்னேன். காற்றில் வந்தது ஆழமாக இறங்கிவிட்டது, கழுவினதும் வெளியே தெரிகிறது என்றேன். அவர் நம்பினார். தலையில் கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் போய் நிற்கப் போகிறேன், எவன் இதைக் காற்றில் விட்டான் என்று கேட்காமல் விடமாட்டேன் என்று புலம்பினார். அந்த நேரத்தில் பாய் உள்ளே வந்தார். பானெட்டைப் பார்த்தார். விரலால் ஒரு கோட்டைத் தடவினார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு குமாரிடம் திரும்பினார்.

"வானத்துலருந்து வுழுந்தது வட்டமாத்தான் இருக்கும் நைனா. இது வழிஞ்சிருக்கு. இது என் கடையில ஆனது. நீ எங்கயும் போய் நிக்காத. திங்கக்கெழமைக்குள்ள வேற பானெட் போட்டுத் தரேன்."

சொன்னபடி போட்டுக் கொடுத்தார். குமாருக்கு வேலையும் கிடைத்தது. ஆனால் குமார் மனசு ஆறவில்லை. பாய் கையில் கொடுத்தேன், கெடுத்துவிட்டார் என்று குப்பம் முழுக்கச் சொன்னார். அந்தப் பக்கத்து டிரைவர்கள் வருவது நின்றது. பாய் எதற்கும் வாய் திறக்கவில்லை.

நானோ, குமார் கிளம்பிய கையோடு பாயிடம் சண்டைக்கு நின்றேன். மூன்றாம் மனுஷன் எதிரில் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டீர்கள் என்று கத்தினேன். "உன் பேர நான் எடுக்கவே இல்லியே பிலோ," என்றார். அது உண்மை. உண்மையாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கத்திவிட்டு என் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். அந்த வாரம் மூன்று தடவை கைபேசியில் கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஒரு ஞாயிறு காலை ராயபுரத்தில் எங்கள் தெருமுனைக்கே வந்தார். டீ வாங்கி நடந்துகொண்டே குடித்தார். மாடியிலிருந்து பார்த்தேன். இறங்கிப் போய், என் கைதான் பாய், என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எத்தனை படி, பதினெட்டுப் படி. இறங்கவில்லை. அவர் கிளாஸை வைத்துவிட்டுப் போனார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அடக்கம் முடிந்த அன்று, பெண்கள் நடுவில் இருந்த அவர் மனைவி ரஹீமாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் என்ன சொல்ல வாயெடுத்தாலும் அழுகைதான் வந்தது. "உன் சாமான் ஒண்ணு கடையில கீது. ஆணியில சாவி தொங்குது, எடுத்துகினு போ," என்றார். என் பழைய மெஷினைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் ஷட்டரைத் தூக்கினேன். உள்ளே பின்சுவரில், விளக்குக்கு நேர் கீழே, குமாரின் பழைய பானெட் மாட்டியிருந்தது. நடுவில் டேப். வலது பாதி முகம் தெரிகிற கறுப்பாக இருந்தது. இடது பாதியில் நான் இழுத்த கோடுகள் ஒன்று குறையாமல் அப்படியே இருந்தன. அவ்வளவு ஆழமாக அரித்ததை மீட்க முடியாது என்றுதான் எல்லாரும் சொல்வோம். நானும் சொல்லியிருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு ஒரு உள்ளங்கை இடம் என்று தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, ஒவ்வொரு தடவையும் பூச்சின் கனத்தை அளந்து மீட்டிருக்கிறார். டேப்பின் மேல், என் பாதியைப் பார்த்து, பேனாவால் சின்னச் சின்ன அம்புக்குறிகள் போட்டு எழுதியிருந்தார். "பிலோ, இங்க மெல்லிசு, அழுத்தாத." இன்னொரு இடத்தில், "ஓரத்துல கையால மட்டும்." அந்த ஒரு டேப்பை மட்டும்தான் அவர் ஒட்டியபடியே விட்டுவிட்டு எட்டு மாதம் தினமும் வீட்டுக்குப் போயிருக்கிறார். பக்கத்தில் செல்வம் வந்து நின்றார். ஒருத்தரும் கை வைக்கக் கூடாது, பிலோ வந்து செய்வாள் என்று பாய் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம்.

பானெட்டைப் படம் எடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு நேராக முகத்துவாரக்குப்பம் போனேன். குமார் வீட்டில்தான் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டு மாசமா அந்த மனுசன பேசிகினு கீறேன்," என்றார். அப்புறம், "ஒரு தபா எதிர்ல பாத்தேன். வண்டி நல்லா ஓடுதான்னு கேட்டாரு. மூஞ்ச திருப்பிகினேன்," என்றார்.

வேறு வேலை எதையும் தொடாமல் இரவு பகலாக ஆறு நாள் அந்த இடது பாதியில் வேலை செய்தேன். எங்கே மெல்லிசு என்று அவர் அளந்து எழுதிவைத்திருந்ததால் அது போதுமாக இருந்தது. என் அவசரமெல்லாம் உங்களுக்குத் தெரியும். இரண்டாம் நாளே எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. அழுத்தாத என்று எழுதிய இடத்தில் அழுத்தவில்லை. கையால் மட்டும் என்ற இடத்தில் மெஷினைத் தொடவில்லை. டேப்பை மட்டும் உரிக்கவில்லை. கணவர் இறந்த பின் இருக்கும் இத்தாவில் ரஹீமாக்கா வீட்டை விட்டு வெளியே வர முடியாது. அதனால் குமார் தன் கார் மேல் பானெட்டைக் கட்டி நேற்று தண்டையார்பேட்டைக்குக் கொண்டுவந்தார். நானும் அக்காவின் தங்கையும் உள்ளே தூக்கிப் போனோம். குமார் தெருவிலேயே நின்றுகொண்டார்.

தரையில் போர்வை விரித்து பானெட்டை வைத்தேன். டேப்பை உரித்தேன். அக்கா கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வலது ஓரத்தில் ஆரம்பித்து இடது ஓரம் வரைக்கும் மெதுவாகத் தடவினார். மறுபடி திரும்பி வந்தார். நடுவில் ஒரு தடவை நின்று, விரலை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார்.

"இதுல அவரு செஞ்சது எதுவரைக்கும் பிலோ?" என்று கேட்டார்.

குழுவில் உள்ள எல்லாருக்கும் சொல்கிறேன். அந்தக் கறுப்பு பானெட்டைக் கெடுத்தது என் கை, பிலோமினாவின் கை. மீட்டது மன்சூர் பாயின் கை. டேப்பை எடுத்துவிட்டேன் பாய். இனி நீங்கள் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பலாம்.